வெண்ணெயில் பதிந்த முத்திரை

அத்தியாயம் 9

"பாஸ், இந்த வெண்ணெய்க்கு லத்தீன் எழுதத் தெரியல" என்றான் டூகி.

ரோனா இம்ரி நிமிர்ந்து பார்க்கவில்லை. வியாழக்கிழமை காலை மணி ஒன்பது. ஜன்னலுக்கு வெளியே பிட்கார்வி துறைமுகத்தைக் கடல்மூட்டம் விழுங்கியிருந்தது. கீழே மீன் வறுவல் கடையில் எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக் கழுவும் சத்தம். மேசையில் ஆறிப்போன தேநீர், பாதி கடித்த ரொட்டி ரோல், ஒரு வெண்ணெய்க் கட்டி. அந்தக் கட்டியில் அவள் உதவியாளன் டூகி பெட்ரி எதையோ அழுத்தி எடுத்திருந்தான்.

"சாட்சிப் பொருளை வெண்ணெய்ல முக்கறியா நீ?"

"முக்கல பாஸ். முத்திரை குத்தினேன். முத்திரைன்னா அதுக்குத்தானே?"

சாட்சிப் பொருள் உள்ளங்கை அகல வட்டம். வெண்கல நிறம் பூசிய பிளாஸ்டிக். ஊர் மியூசியத்தின் கண்ணாடிப் பெட்டியில், எழுநூறு வருடத்துப் பிட்கார்வி நகர முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் இது இருந்தது. செவ்வாய்க்கிழமை தூசி தட்டியவர் கையிலெடுத்தபோது பிஸ்கட் கனம்கூட இல்லை. உடனே ரோனாவைக் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருடம் டண்டீ நகரப் போலீஸில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பித் துப்பறியும் அலுவலகம் வைத்தவள். அதைவிட முக்கியம், அந்த மியூசியத்தை உண்டாக்கிய வால்டர் இம்ரியின் மகள்.

"எழுத்தைப் பாருங்க" என்றான் டூகி.

வெண்ணெயில் ஒரு பாய்மரக் கப்பல் பதிந்திருந்தது. சுற்றிலும் வட்டமாக எழுத்துகள். எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறிக் கிடந்தன.

"ரப்பர் ஸ்டாம்ப்ல எழுத்து எப்படி இருக்கும்? திருப்பித்தானே இருக்கும்? அப்போதான் காகிதத்துல நேரா விழும். நிஜ முத்திரையும் அப்படித்தான். இந்தப் பிளாஸ்டிக்ல மட்டும் எழுத்து நேரா இருக்கு. அதான் வெண்ணெய்ல திரும்பிப் போச்சு."

ரோனா அதைக் கையில் வாங்கினாள். இரண்டு நாளாக அவளிடம் இருந்த பொருள். இரண்டு நாளும் எழுத்துகள் நேராகத்தான் இருந்தன. அவள் அதை வாய்விட்டுப் படித்தும் பார்த்திருந்தாள்.

"ஃபின்லே இப்படி ஒரு தப்புப் பண்ணுவானா பாஸ்? போன மாசம் ஊர்க் கூட்டத்துல அரை மணி நேரம் இதைத்தான் விளக்கினான். முத்திரை வெட்டறவன் எல்லாத்தையும் திருப்பி யோசிக்கணும்னு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நீங்க தூங்கிட்டீங்க."

"கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன்."

"குறட்டையும் விட்டுக்கிட்டே கேட்டீங்க."

காதுமடல் சூடேறுவது ரோனாவுக்குத் தெரிந்தது.

ஃபின்லே ரென்னிக்கு இருபத்தொன்பது வயது. பல்கலைக்கழகம் அவனை அவன் பிறந்த இந்த ஊருக்கே அனுப்பியிருந்தது. மியூசியத்தில் இருந்த பழைய பொருள்களையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினான். விரலால் தொட்டால் முத்திரை திரையில் சுழலும். கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் எழுநூறு வருடத்துக்கு முந்தைய பிட்கார்வி தெருவில் நடக்கலாம். சனிக்கிழமை திறப்பு விழா. ஊரே காத்திருந்தது.

நேற்று, புதன்கிழமை மாலை, ஊர் மண்டபத்தில் இருநூறு பேர் முன்னால் ரோனா மேடையேறினாள். முத்திரையின் ஸ்கேன் யாரிடம் இருக்கிறது? ஃபின்லேயிடம். மியூசியத்தின் சாவி யாரிடம்? காப்பாளர் ஆக்னஸ் லோரிமரிடம் ஒன்று, ஃபின்லேயிடம் ஒன்று. திங்கட்கிழமை கடைசியாகப் பூட்டியது யார்? ஃபின்லே. ஒவ்வொன்றையும் விரல் மடக்கிச் சொல்லிவிட்டு, அதே விரலை அவன் பக்கம் நீட்டினாள். அவன் எழுந்து நின்றான். முகம் சிவந்திருந்தது.

"நான் எடுக்கல. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க மிஸ் இம்ரி" என்றான்.

ஏன் கேட்கக்கூடாது என்று அவள் குரலை உயர்த்தினாள். அவன் மேலே ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டபம் அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டது. ராத்திரியே பல்கலைக்கழகத்திலிருந்து அவனுக்குத் தகவல் வந்துவிட்டது: விஷயம் தெளியும்வரை வேலைக்கு வர வேண்டாம்.

"அவன்கிட்ட இருக்கறது அசல் ஸ்கேன்" என்றாள் ரோனா மெதுவாக. "அதை வெச்சு முப்பரிமாண அச்சுல அடிச்சிருந்தா எழுத்து திரும்பித்தான் வந்திருக்கும்."

"நேரா இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். மியூசியம் வாசல்ல இருக்கற தொடுதிரையில. பள்ளிக்கூடப் பிள்ளைங்க படிக்கணும்னு திருப்பிப் போட்டிருக்கான். பென்டிரைவ்ல நகல் எடுத்துக்கவும் விட்டிருக்கான். வாசல்ல இருக்கறதை எடுக்கறதுக்கு ஃபின்லேயா இருக்க வேண்டியதில்ல. மியூசியத்துக்குள்ள நுழையற யாரா இருந்தாலும் போதும்." டூகி வெண்ணெயை ரோலில் தடவினான். கப்பல் கலைந்தது. "அவன் வீடு பேக்கரிக்கு மேலதான் பாஸ். ரெண்டு நிமிஷ நடை. போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடலாமே?"

"முதல்ல யாருன்னு கண்டுபிடிப்போம். அப்புறம் மன்னிப்பு."

"வரிசையை மாத்தினா என்ன ஆகும்?"

"கோட்டை எடு டூகி."

நூலகத்துக்குப் போக இரண்டு வழி. நேர்வழி இசா ரென்னியின் பேக்கரி வாசலைத் தொட்டுப் போகும். இசா, ஃபின்லேயின் அம்மா. ரோனாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். ரோனா துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

"கடல் காத்து உடம்புக்கு நல்லது" என்றான் டூகி, பின்னாலேயே வந்தபடி.

"வாயை மூடு."

மீன் இறக்கும் இடத்தில் ஒருவர் அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். "நேத்து பின்னிட்டீங்க மிஸ் இம்ரி. அந்தப் பயலுக்கு நல்லா வேணும். உங்கப்பா இருந்திருந்தா பெருமைப்பட்டிருப்பார்."

ரோனா தலையசைத்தாள். மறுக்காமல் நடந்தாள். நூலகத் திருப்பத்தில் பேக்கரி தூரத்தில் தெரியத்தான் செய்தது. வழக்கமாக இந்த நேரத்தில் நடைபாதைவரை வரிசை நிற்கும். இன்று ஒருவர்கூட இல்லை. கண்ணாடியில் யாரோ சோப்பால் ஏதோ எழுதியிருந்தார்கள். இசா வாளியும் துணியுமாக நின்று அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதல் எழுத்து மட்டும் இன்னும் போகவில்லை. திருடன் என்ற சொல்லின் முதல் எழுத்து.

டூகி பார்த்தான்.

பிட்கார்வியில் முப்பரிமாண அச்சு இயந்திரம் இரண்டே இரண்டு. ஒன்று ஃபின்லேயுடையது. இன்னொன்று நூலகத்தின் பின்னறையில், பிள்ளைகள் டைனோசர் அடித்து எடுப்பதற்காக வைத்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் லின்ஸி பதிவுப் புத்தகத்தைத் திருப்பினாள்.

"திங்கட்கிழமை மத்தியானம் ரெண்டே ரெண்டு பேர்தான். ஒரு டைனோசர். அப்புறம் மிஸஸ் லோரிமர்."

"ஆக்னஸ் லோரிமரா?"

"ஆமா, நம்ம மியூசியம் மிஸஸ் லோரிமர்தான். பாவம், பென்டிரைவை எந்தப் பக்கம் செருகறதுன்னுகூடத் தெரியல. நான்தான் உதவி பண்ணினேன். திறப்பு விழாவுக்கு ஷார்ட்பிரெட் பிஸ்கட் போடறதுக்கு அச்சாம். வட்டமா, மேல கப்பல்…"

லின்ஸி பாதியில் நிறுத்தினாள். ரோனாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"ஐயோ! எனக்கு இது தோணவே இல்லையே! நேத்து மண்டபத்துல நானும் கை தட்டினேன்."

வெளியே வந்ததும் டூகி சொன்னான்: "சின்ன வயசிலேருந்து ஷார்ட்பிரெட் போடறவங்க. எழுத்து நேரா இருக்கற அச்சை மாவுல அழுத்தினா பிஸ்கட்டுல திரும்பி விழும்னு அவங்களுக்கா தெரியாது?"

"நேத்து மண்டபத்துல தேநீரோட அவங்க ஷார்ட்பிரெட்தான் கொடுத்தாங்க" என்றாள் ரோனா. "நான் ரெண்டு தின்னேன். எதுலயும் கப்பல் இல்ல."

"நான் ஆறு தின்னேன். கப்பல் இல்லைங்கறதை உறுதியாச் சொல்லலாம்."

ரோனாவின் நடை வேகமானது. வெட்கம் கொஞ்சம் விலகி, அந்த இடத்தில் கோபம் ஏறியிருந்தது. அது அவளுக்கு வசதியாகவே இருந்தது. தான் ஏமாந்தது உண்மை. ஆனால் ஏமாற்றியவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பிடித்து நிறுத்திவிட்டால், நேற்று நீட்டிய விரலை இன்னொரு பக்கம் திருப்பிவிடலாம்.

ஆக்னஸ் லோரிமரின் வீடு தேவாலயத்துக்குப் பின்னால். கதவைத் திறந்தவருக்கு எழுபத்தொரு வயது. ஒல்லியான உடம்பு, நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. அவர்களைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"உள்ள வா ரோனா. ராத்திரியே வருவேன்னு நினைச்சேன்."

"எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுமா?"

"தெரியும். உக்காரு."

ரோனா உட்காரவில்லை. பிளாஸ்டிக் வட்டத்தை மேசையில் வைத்தாள். "ஷார்ட்பிரெட் அச்சுன்னு சொன்னீங்களாம்."

ஆக்னஸ் சமையலறைக்குப் போனார். ஓட்ஸ் டப்பாவோடு திரும்பினார். கையை உள்ளே விட்டு, மாவு ஒட்டிய ஒரு கனமான வட்டத்தை எடுத்து சமையல் துணியால் துடைத்தார். பிளாஸ்டிக்குக்குப் பக்கத்தில் வைத்தார். மேசை 'டொக்' என்றது.

"இந்தா. கஞ்சிக்கு ஓட்ஸ் எடுக்கும்போதெல்லாம் கையில இடிச்சுது."

"மிஸஸ் லோரிமர், கனமானது எதையும் இனிமே ஓட்ஸ்ல ஒளிக்காதீங்க" என்றான் டூகி. "பல்லு போயிடும்."



"நேத்து ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தீங்க" என்றாள் ரோனா. "நான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டப்போ என் கண்ணுக்கு நேரா இருந்தீங்க."

"ஆமா. குடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எழுந்திருக்கணும்னு மூணு தடவை நினைச்சேன். குடைதான் எழுந்தது. நான் எழல." ஆக்னஸ் ஓட்ஸ் டப்பாவை மூடினார். "அவன் அவமானப்பட்டு நின்னான். நான் பாத்துக்கிட்டிருந்தேன். அதுக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. ஆனா ஏன் எடுத்தேன்னு மட்டும் கேக்காதே கண்ணு. நான் எடுத்தேன்னு எழுதிக்கோ. வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சுன்னு எழுதிக்கோ. அதோட விட்டுடு."

"விடறதுக்கா வந்தேன்? காரணம் இல்லாம நான் எதையும் எழுதமாட்டேன். எங்கப்பா இந்த ஊருக்குக் கொடுத்துட்டுப் போன பொருள் இது. உங்களை நம்பித்தான் சாவி கொடுத்தார். யாருக்கு விக்கறதா இருந்தீங்க?"

ஆக்னஸ் அலமாரியைத் திறந்து ஒரு டேப்லெட்டை எடுத்தார். ஃபின்லேயின் திட்டத்துக்காக மியூசியத்துக்கு வந்தது. எதையோ தட்டி, ரோனாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

திரையில் இரண்டு வட்டங்கள். ஒன்றன்மேல் ஒன்று. நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. மஞ்சள் வட்டம் நீலத்துக்கு உள்ளே இருந்தது. நான்கு பக்கமும் ஒரே அளவு இடைவெளி, அரிசி மணி அகலத்துக்கு.

"மஞ்சள் இந்த முத்திரை" என்றார் ஆக்னஸ். "நீலம், ராஜா காலத்துல ஊர்ச் சபை எழுதின பத்திரத்துல தொங்குற மெழுகு. இந்த முத்திரையை அந்த மெழுகுல அழுத்தினதாத்தானே நாம பிள்ளைங்களுக்குச் சொல்றோம்? ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சுக் காட்டலாம், அழகா இருக்கும்னு ஃபின்லே நினைச்சான். வெச்சுப் பாத்தான். பொருந்தல."

டூகிதான் முதலில் புரிந்துகொண்டான். "கால் தடத்தைவிடக் கால் சின்னதா இருக்கு" என்றான். குரலில் கேலி இல்லை.

"மெழுகு காய்ஞ்சா சுருங்கும்" என்றாள் ரோனா. "அதனால…"

"சுருங்கினா மெழுகுதானே சின்னதாகணும்? இங்க மெழுகு பெரிசு, முத்திரை சின்னது. மெழுகுலேருந்து அச்செடுத்து, அதுல உலோகத்தை உருக்கி ஊத்தினா, ஆறும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கும்னு ஃபின்லே சொன்னான். நாலு பக்கமும் ஒரே அளவு. இது அந்த மெழுகுலேருந்து எடுத்த நகல் ரோனா. அதுக்கு எழுநூறு வயசு இல்ல. உன்னைவிட எட்டு வயசு சின்னது."

ரோனா கணக்குப் போடவில்லை. ஆனால் ஏதோ ஒன்று அவளுக்குள் கணக்குப் போட்டுவிட்டது.

"எழுபத்தஞ்சு" என்றாள்.

"மே மாசம். சட்டம் போட்டு ஊர் நகராட்சியையெல்லாம் கலைச்ச வருஷம். உங்கப்பா கடைசி நகரத்தலைவர். நான் அவருக்கு டைப்பிஸ்ட், இருபத்திரண்டு வயசு. கடைசி நாள் மத்தியானம் கவுன்சிலர்கள் எல்லாரும் ஒரு படகெடுத்துக்கிட்டு வளைகுடாவைச் சுத்தி வந்தாங்க. விஸ்கி இருந்தது. பாட்டு இருந்தது. உங்கப்பா முத்திரையைக் கொண்டுவந்திருந்தார். கடைசியா ஒரு தடவை கடலுக்கும் முத்திரை குத்தறேன்னு சொல்லி விளிம்புல குனிஞ்சார். எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்."

வெளியே கடற்பறவைகள் கத்தின. ஆக்னஸ் முத்திரையின்மேல் ஒட்டியிருந்த ஓட்ஸ் துணுக்கை நகத்தால் எடுத்தார்.

"முத்திரை கையிலேருந்து நழுவித் தண்ணியில விழுந்ததும் சத்தமே இல்ல. படகுல இருந்த யாரும் யார் முகத்தையும் பாக்கல. மறுநாள் உங்கப்பா என்னைக் கூப்பிட்டு, கிளாஸ்கோவுல ஒரு வார்ப்புப் பட்டறைக்குக் கடிதம் டைப் பண்ணச் சொன்னார். 'நகராட்சியும் போச்சு, முத்திரையும் போச்சுன்னா இந்த ஊருக்கு என்ன மிச்சம் ஆக்னஸ்'னு கேட்டார். அழுதார். நான் டைப் பண்ணினேன். அப்புறம் இதை வெக்கறதுக்குன்னு ஒரு மியூசியத்தையே கட்டினார். கண்ணாடிக்குள்ள வெச்சா யாரும் தூக்கிப் பாக்கமாட்டாங்க இல்லையா?"

ரோனா அப்போதுதான் உட்கார்ந்தாள். சிறுமியாக இருந்தபோது அப்பா அவளுக்கு மட்டும் பெட்டியைத் திறந்து அதைத் தொட விடுவார். ராஜா காலத்து வெண்கலம் என்பார். அவள் பள்ளியில் அதைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறாள். கைதட்டல் நின்றபிறகும் அப்பா தட்டிக்கொண்டேயிருந்தார். அந்தக் கைகளை இப்போது நினைத்தபோது அவளுக்குத் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"போன வெள்ளிக்கிழமை ஃபின்லே இதை எங்கிட்ட காட்டினான். சொல்லித்தான் ஆகணும்னான். நான் உங்கப்பா கதையை அவன்கிட்ட சொல்லி, நாலு நாள் கேட்டேன். அந்த நாலு நாள்ல இந்தக் கூத்தைப் பண்ணினேன். பொருளே இல்லைன்னா யாரும் அளக்க முடியாதுன்னு பட்டுது. பிளாஸ்டிக்கை வெச்சா ரெண்டு மாசம் யாருக்கும் தெரியாது, அதுக்குள்ள எல்லாம் அடங்கிடும்னு பட்டுது. அவசர அவசரமாப் பண்ணினேன். எழுத்து எந்தப் பக்கம் இருக்குன்னுகூடத் தோணல."

"அப்போ ஃபின்லேக்கு…" ரோனா திரையிலிருந்து நிமிர்ந்தாள். "நீங்கதான் எடுத்தீங்கன்னு அவனுக்குத் தெரியுமா?"

"பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். அவன் முட்டாள் இல்ல. நேத்து ராத்திரி போன் பண்ணினேன். 'உண்மையைச் சொல்லிட்டு வெளிய வாடா தம்பி, எனக்காகப் பாக்காதே'ன்னேன்." ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "'உங்களுக்காக இல்ல மிஸஸ் லோரிமர்'னான். 'நான் எடுக்கலன்னு நிரூபிக்கணும்னா அது போலின்னு சொல்லணும். யார் பண்ணின போலின்னு கேப்பாங்க. மிஸ் இம்ரி மேடையில நிக்கறாங்க. இருநூறு பேர் முன்னாடி அவங்க அப்பாவைப் பத்தி நான் எப்படிச் சொல்றது'ன்னான்."



அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க மிஸ் இம்ரி. அவன் அப்போது அவளைக் கெஞ்சியிருக்கிறான். தனக்காக அல்ல. அவளோ குரலை உயர்த்தினாள்.

"இன்னும் ஒரு வழி இருக்கு" என்றார் ஆக்னஸ் தயங்கியபடி. "நான் எடுத்தேன், பயந்துபோய்க் கடல்ல போட்டுட்டேன்னு சொல்லிடறேன். ஃபின்லே தப்பிச்சுடுவான். உங்கப்பா பேரும் தப்பிச்சுடும். மூணு பேருக்குத்தான் தெரியும்."

"நாலு" என்றான் டூகி. "நானும் இங்கதான் இருக்கேன்."

ரோனா மஞ்சள் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக்னஸ் சொன்னதை அவள் எடைபோட்டுப் பார்த்தாள். கூட்டிக் கழித்துப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தேநீர்க் கெட்டில் ஒருமுறை கொதித்து அடங்கியது. மேடையில் நின்றது, விரல் நீட்டியது, பேக்கரிக் கண்ணாடி, எல்லாவற்றையும்விட, இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்து தான் இதை யோசிப்பதுதான் அவளைக் குன்றவைத்தது. டூகி அவளைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். அவன் ஒரு கேலி செய்தால் தேவலை என்று இருந்தது. அவன் செய்யவில்லை.

"சனிக்கிழமை விழாவுல மைக் யார் பாத்துக்கறது?" என்று கேட்டாள் கடைசியில்.

"ஃபின்லேதான் பாத்துக்கறதா இருந்தது" என்றான் டூகி.

"அவனை வரச் சொல்லு. நான் கூப்பிட்டேன்னு சொல்லாதே. வரமாட்டான்."

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் இசா ரென்னி, கோட்டுப் பொத்தான் கழுத்துவரை போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டில் ஒலிபெருக்கி மேசையில் ஃபின்லே. அவன் மேடையைப் பார்க்கவே இல்லை.

ரோனா ஏறினாள். புதன்கிழமை நின்ற அதே பலகை. பின்னால் பெரிய திரையில் நீல வட்டமும் அதற்குள் மஞ்சள் வட்டமும். எழுதி வைத்திருந்த தாளை விரித்தாள். எழுத்துகள் ஓடின. தாளை மடித்துவிட்டாள்.

"முத்திரை கிடைச்சிடுச்சு" என்றாள். மண்டபம் கைதட்டத் தொடங்கியது. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "கிடைச்சது நிஜ முத்திரை இல்ல. நிஜ முத்திரை எழுபத்தஞ்சாம் வருஷம் கடல்ல போயிடுச்சு. எங்கப்பா வால்டர் இம்ரி கையிலேருந்துதான் போச்சு. அவர் அதை ஊருக்குச் சொல்லாம ஒரு நகல் செஞ்சு வெச்சார். நாம இத்தனை வருஷம் பாத்தது அதைத்தான். இதை முதல்ல கண்டுபிடிச்சவன் ஃபின்லே ரென்னி. நான் அவனைத் திருடன்னு சொன்னப்போ, எங்கப்பாவோட மானத்தைக் காப்பாத்த அவன் வாயைத் திறக்கல. நான் விசாரிக்காமலே குற்றம் சொன்னேன். தப்புப் பண்ணினது நான்."

மீன் இறக்கும் இடத்தில் தொப்பியைத் தொட்டவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கல" என்றாள் இசா.

ரோனா அவளைப் பார்த்தாள்.

"சத்தமா சொல்லு ரோனா. புதன்கிழமை நல்லாக் கேட்டுச்சு. கடைசி வரிசைவரைக்கும் கேட்டுச்சு."

ஃபின்லே தலை நிமிராமலே கையை நீட்டி ஒலியைக் கூட்டினான். ரோனா மறுபடியும் சொன்னாள், முதலிலிருந்து. இம்முறை அவள் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அப்பாவின் பெயரை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. அவள் முடிக்குமுன் இரண்டாவது வரிசையில் ஆக்னஸ் லோரிமர் எழுந்தார். "பெட்டியிலேருந்து எடுத்தவ நான். அந்தக் கடிதத்தை டைப் பண்ணினவளும் நான்தான்" என்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை.

கூட்டம் கலைந்து மியூசியத்துக்குள் போனபோது இசா ரோனாவைத் தாண்டிப் போனாள். நிற்கவில்லை. டூகியிடம் மட்டும், "திங்கட்கிழமை கடை திறந்திருக்கும்" என்றாள். டூகி தலையாட்டினான்.

பிள்ளைகள் கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு பழைய தெருவில் கைகளைத் துழாவி நடந்தார்கள். பெரியவர்கள் திரையில் இரண்டு வட்டங்களை விரலால் நகர்த்திப் பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. மறுபடி பார்த்தார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஃபின்லே மடிக்கணினியோடு நின்றான். ரோனா அருகே போனாள். கை கொடுக்கலாமா என்று நினைத்தாள். அவன் இரண்டு கையும் விசைப்பலகைமேல் இருந்தன.

"யுனிவர்சிட்டியில திரும்ப வரச் சொல்லிட்டாங்க" என்றான் அவன்.

"நல்லது."

"பெட்டிக்குக் கீழ வெக்கற அட்டையை மாத்தணும் மிஸ் இம்ரி. அடிச்சிருக்கேன், பாருங்க. 'மூல முத்திரை 1975ஆம் ஆண்டு கடலில் தொலைந்தது. இது அதன் நகல்.' இப்படி இருந்தாப் போதுமா?"

அவன் குரலில் ஒன்றும் இல்லை. இரக்கமும் இல்லை, குத்தலும் இல்லை. அவளுக்கு ஒரு வழி விட்டு வைத்திருந்தான், அவ்வளவுதான். மறுபடியும்.

ரோனா அந்த வரியைப் படித்தாள்.

"தொலைந்ததுன்னா தானாப் போன மாதிரி இருக்கு" என்றாள். "எங்கப்பா பேரைப் போட்டு, 'தொலைத்தார்'னு மாத்து."

அவன் மாற்றினான்.

"அதுக்குக் கீழ, 'மறைத்தார்'."

ஃபின்லேயின் விரல்கள் நின்றன. அவன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். "அது வேணுமா?"

"வேணும்" என்றாள் ரோனா. "போடு."

அவன் அடித்தான். ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் வந்து நின்றது. கடைசி எழுத்து விழும்வரை அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.